வன்னியில் ஒரு குடும்பம் செலவைக் குறைத்துக் கடனை அடைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி, இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் நெல், மேட்டுப்பயிர், மீன்பிடி, நாட்கூலி ஆகியவற்றில் ஒன்றையோ இரண்டையோ நம்பி வாழ்ந்துகொண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கடன்பட்டிருக்கும் குடும்பங்களுக்காக எழுதப்படுகிறது. மாதச் சம்பளத்தை அடிப்படையாகக் கொண்ட வரவுசெலவுத் திட்டங்கள் இக்குடும்பங்களுக்குப் பொருந்துவதில்லை. ஏனெனில் இங்கே கடன் கிழமைக்கொரு முறை வாசலுக்கு வருகிறது, வருமானமோ போகத்துக்கொரு முறைதான் வருகிறது.

மாதர் சங்கங்களிலும் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களிலும் கணக்குக் கொப்பிகளோடு இருந்து பார்த்ததில், சிக்கனம் போதாமல் தோற்றவர்களை விட, செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்து தோற்றவர்களையே அதிகம் கண்டிருக்கிறேன். முதல் நாளே மீனையும் பால்மாவையும் நிறுத்திவிட்டு, மூன்றாம் கிழமை புதிய கடனொன்றுக்குக் கையொப்பமிடுவது வழக்கமாக நடக்கிறது. ஆகவே கீழேயுள்ள படிகளை இதே ஒழுங்கில் செய்யவும்.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு தடித்த கொப்பி, கிழமைக் கடன்களின் தவணை அட்டைகள், அடகுச் சீட்டுகள், லீசிங் ஒப்பந்தம், வங்கிப் புத்தகம், கடைக் கொப்பி, கடைசி மூன்று மாத மின்சாரப் பட்டியல்கள் ஆகியவற்றை ஓரிடத்தில் சேர்க்கவும். ஒப்பந்தம் உங்களுக்கு வாசிக்க முடியாத மொழியில் இருந்தால், தமிழ்ப் பிரதியைக் கேட்டுப் பெறவும். அது கிடைக்காவிட்டால் வாசித்து விளக்கக்கூடிய ஒருவரிடம் காட்டவும். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் அடுத்த படிகளுக்குப் போக முடியாது.

இவற்றை விடவும் தேவையானது, வீட்டிலுள்ள வளர்ந்தவர்கள் எல்லோரும் கூடியிருக்கும் ஒரு மாலைப்பொழுது. கொப்பி மனைவியின் கையில் மட்டும் இருக்கும் வீடுகளில், கணவனின் பெற்றோல், வெற்றிலை, சிகரட், மதுச் செலவு கணக்குக்குள் வருவதேயில்லை. மனைவி சீனியில் மிச்சம் பிடித்தது இரண்டு நாளில் கரைந்துவிடும்.

1. எல்லாக் கடன்களையும் ஒரே கொப்பியில் எழுதுங்கள்

ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கவும். யாரிடம், எப்போது, எவ்வளவு எடுத்தது, இன்று மீதி எவ்வளவு, தவணை எந்த நாளில், எதை ஈடாகக் கொடுத்தோம், யார் பிணை நின்றார்கள் என்பவற்றை எழுதவும். ஈட்டையும் பிணையையும் எழுதச் சொல்வதற்குக் காரணம், தவணை தவறினால் எது போகும், யார் பாதிக்கப்படுவார் என்பதை அவையே காட்டும். பின்னர் வரிசை போடும்போது அந்தத் தகவல் தேவைப்படும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் சில கடன்களைக் கடன் என்றே எண்ணுவதில்லை. ஏற்கனவே எடுத்துவிட்ட சீட்டுக்கு இன்னும் கட்ட வேண்டியிருக்கும் காசு கடன். உழவு இயந்திரக்காரருக்கும் அறுவடை இயந்திரக்காரருக்கும் கொடுக்க வேண்டிய கூலியும், உரக்கடையில் "வெட்டினதும் தருகிறேன்" என்று சொல்லி எடுத்த உரமும் கிருமிநாசினியும் அப்படியே. பக்கத்து வீட்டுக்காரிக்காக நீங்கள் பிணை நின்ற குழுக்கடனைக் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள். அவர் தவறினால் அது உங்கள் முற்றத்துக்குத்தான் வரும்.

இந்த மாலையில்தான் ஒருவருக்கொருவர் மறைத்த கடன்கள் வெளியே வரும். அன்றைக்கு விசாரணை வேண்டாம். ஏச்சு விழுந்தால் அடுத்த கடன் சொல்லப்படாமலே போய்விடும், சொல்லப்படாத ஒரு கடன் கொப்பி முழுவதையும் பொய்யாக்கிவிடும்.

2. ஒவ்வொரு கடனுக்கும் உண்மையான வட்டியைக் கணக்கிடுங்கள்

தவணைத் தொகையைப் பார்த்துக் கடனின் பாரத்தை மதிப்பிடுவது பெரும் பிழை. ஒரு கிழமைக் கடனை எடுத்துக்கொள்வோம். 50,000 ரூபாவை ஓராண்டுக்கு எடுக்கிறீர்கள். ஆண்டு வட்டி 24 வீதம் என்று சொல்லப்பட்டு, தொடக்கத் தொகை முழுவதற்கும் 12,000 ரூபா வட்டி சேர்க்கப்படுகிறது. மொத்தம் 62,000 ரூபாவை 52 கிழமைகளில் கட்ட, ஒரு தவணை ஏறத்தாழ 1,192 ரூபா ஆகிறது.

ஆனால் அந்த 50,000 ரூபாவும் ஆண்டு முழுவதும் உங்களிடம் இருப்பதில்லை. முதற் கிழமையிலிருந்தே முதல், அதாவது நீங்கள் எடுத்த தொகையின் மீதி, குறையத் தொடங்குகிறது. ஆண்டை ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் சராசரியாக 25,000 ரூபாவுக்குச் சற்றுக் கூடிய தொகையையே வைத்திருக்கிறீர்கள். குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்கிட்டால் இந்தக் கடனின் வட்டி ஆண்டுக்கு 44 வீதத்துக்கு அருகில் வருகிறது. கடன் தருபவரிடம் "வட்டி எத்தனை வீதம்" என்று மட்டும் கேட்காமல், "தொடக்கத் தொகைக்கா, குறைந்து செல்லும் மீதிக்கா" என்றும் கேட்க வேண்டும்.

தனியாள் ஒருவரிடம் மாத வட்டிக்கு எடுக்கும் கைவட்டியின் கணக்கு எளிது, ஆனால் கொடியது. நூற்றுக்குப் பத்து என்றால் மாதத்துக்குப் பத்து. ஆண்டுக்கு 120 வீதம். 20,000 ரூபாவுக்கு மாதம் 2,000 ரூபா கட்டி வருபவர் பத்தாம் மாதத்தில் எடுத்த தொகை முழுவதையும் வட்டியாகக் கொடுத்து முடித்திருப்பார், முதலோ ஒரு ரூபாவும் குறைந்திராது. வங்கி அடகின் வட்டி பொதுவாக இவ்விரண்டையும் விடக் குறைவு. ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையிலும் ஆண்டு வட்டியைப் பெரிதாக எழுதிவையுங்கள்.

3. புதிய கடனை நிறுத்தி, சிறு கைக்காவலைச் சேருங்கள்

செலவைக் குறைப்பதற்கு முன் இந்தப் படி வருவதற்குக் காரணம் உண்டு. கையில் ஒன்றுமில்லாத வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ, மோட்டார் சைக்கிளின் ரயர் வெடித்தாலோ, அன்று மாலையே கைவட்டிக்காரரிடம் போக வேண்டியிருக்கும். ஆகவே கைக்காவலாக, அதாவது அவசரத்துக்கான கையிருப்பாக, முதலில் 5,000 ரூபா, முடிந்தால் 10,000 ரூபா, வீட்டில் இல்லாமல் சங்கத்திலோ தபாலகச் சேமிப்பிலோ இருக்கட்டும். அது சேரும் வரை எந்தக் கடனுக்கும் தவணைக்கு மேலாக ஒரு சதமும் கட்ட வேண்டாம்.

ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுப்பதற்கு ஒரேயொரு விதிவிலக்கை நான் ஏற்கிறேன். புதிய கடனின் வட்டி தெளிவாகக் குறைவாக இருக்க வேண்டும், அது எழுத்தில் இருக்க வேண்டும், பழைய கடன் அதே நாளில் முற்றாக மூடப்பட வேண்டும். தனியாரிடம் கூடிய வட்டிக்கு வைத்த நகையை மீட்டு வங்கியில் அடகு வைப்பது இதற்குள் அடங்கும். "பழைய கடனை முடித்துக் கையிலும் கொஞ்சம் தருகிறோம்" என்று கிழமைக் கடன்காரர் சொல்வது இதற்குள் அடங்காது. அந்தக் கொஞ்சம்தான் கடனை மீண்டும் 52 கிழமைக்கு நீட்டுகிறது.

வங்கி அட்டையையும் அதன் இரகசிய இலக்கத்தையும் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்திருந்தால், இந்தப் படியிலேயே அதை மீளப் பெற வேண்டும். 2023 முதல் அரசின் நலன்புரி உதவியான அஸ்வெசும கொடுப்பனவு வங்கிக் கணக்கிலேயே வைப்பிலிடப்படுகிறது. அட்டை வேறொருவர் கையில் இருந்தால் உங்கள் வீட்டின் நிச்சயமான ஒரே வருமானத்தை அவரே பங்கிடுவார்.

4. நான்கு கிழமைகளுக்கு எதையும் குறைக்காமல் எழுதுங்கள்

இது பலருக்குப் பொறுமையைச் சோதிக்கும் படி. ஆயினும் பழக்கமான செலவைத் தெரிந்துகொள்ளாமல் குறைக்கத் தொடங்கினால், கண்ணுக்குத் தெரியும் செலவு மட்டுமே குறைகிறது. தெரியாதது அப்படியே ஓடுகிறது. பிள்ளைகளின் கடலைப் பைக்கற், போன் றீலோட், பரந்தன் சந்தி வரை ஓடிய பெற்றோல் என ஒவ்வொன்றும் அன்றிரவே எழுதப்பட வேண்டும். மறுநாள் நினைவிலிருந்து எழுதினால் சிறு தொகைகள் விட்டுப்போகும்.

கடைக் கொப்பியில் வாங்கியதையும் வாங்கிய நாளிலேயே செலவாக எழுதுங்கள், காசு கொடுக்கும் நாளிலன்று. கடனுக்கு வாங்கும்போது விலையைக் கேட்பது குறைகிறது, அளவு கூடுகிறது. நான்கு கிழமைக் கணக்கை முடித்தவர்களுக்குப் பெரும்பாலும் வியப்பூட்டியது இந்தக் கொப்பியின் கூட்டுத்தொகைதான்.

5. குறைக்கும் இடங்களைத் தெரிவு செய்யுங்கள்

அரிசி. வன்னியில் விவசாயக் குடும்பம் ஒன்று செய்யக்கூடிய மிகப் பெரிய மிச்சம் இதில் இருக்கிறது. வெட்டிய ஈரத்தோடு நெல் முழுவதையும் களத்திலிருந்தே விற்றுக் கடனைக் கட்டிவிட்டு, வைகாசி ஆனியில் கடையில் அரிசி வாங்குபவர்கள், அறுவடைக் காலத்தின் தாழ்ந்த விலைக்கு விற்றதை ஆலைச் செலவும் கடை இலாபமும் சேர்ந்த விலைக்குத் திரும்ப வாங்குகிறார்கள்.

நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி சமைக்கும் வீட்டுக்கு மாதம் 45 கிலோ அரிசி வேண்டும். அதற்கு ஏறத்தாழ 70 கிலோ நெல் போதும். ஆறு மாதத்துக்கு 420 கிலோ. இந்த அளவை எடுத்து வைத்த பின்பே மிகுதியை விற்க வேண்டும். ஈரம் 14 வீதத்துக்கு இறங்கும் வரை காயவைத்து, மூடைகளை நிலத்தில் வைக்காமல் பலகைக்கு மேல் அடுக்கவும். இல்லாவிட்டால் வண்டும் பூஞ்சணமும் உங்கள் மிச்சத்தைத் தின்னும். வீட்டுத் தேவைக்கென எடுத்து வைத்த நெல்லைக் கொண்டாட்டச் செலவுக்கு விற்பதில்லை என்பதையும் அன்றே பேசி முடிவெடுங்கள்.

மின்சாரம். வீட்டுப் பாவனைக் கட்டணத்தில் மாதத்துக்கு 60 அலகு என்பது கவனிக்க வேண்டிய எல்லை. அதைத் தாண்டினால் மேலதிக அலகுகளுக்கு மட்டும் விலை கூடுவதில்லை; முதலாவது அலகிலிருந்தே வேறு விலை அட்டவணை பொருந்தத் தொடங்குகிறது, நிலையான கட்டணமும் உயர்கிறது. 62 அலகு எரித்த வீட்டுக்கு அந்த இரண்டு அலகுகள்தான் மிகவும் விலையானவை. மானி வாசித்த நாளிலிருந்து பதினைந்தாம் நாள் நீங்களே மானியைப் பாருங்கள்; 30 அலகைத் தாண்டியிருந்தால் மீதி நாட்களில் மின்னழுத்தியையும் நீர்ப்பம்பியையும் மட்டுப்படுத்துங்கள்.

வீட்டுத்தோட்டத்தைப் பற்றி ஒரு குறிப்பையும் இங்கேயே சொல்ல வேண்டும். கத்தரி, பயிற்றை, பொன்னாங்காணி, முருங்கை, மரவள்ளி, பப்பாசி ஆகியவை மரக்கறிச் செலவை நிச்சயமாகக் குறைக்கும். ஆனால் கோடையில் வீட்டு மானியில் ஓடும் பம்பியால் பெரிய பாத்திகளுக்கு நீர் இறைத்தால் அந்த மிச்சம் மின்சாரப் பட்டியலில் போய்விடும். குளிக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் பாயும் அளவுக்குத் தோட்டத்தை வைத்துக்கொள்வதே கணக்குக்குச் சரி.

கடைக் கொப்பி. ஒரே நாளில் நிறுத்த முயல வேண்டாம். நிறுத்தினால் பழைய பாக்கியைக் கடைக்காரர் உடனே கேட்பார். அடுத்த நான்கு கிழமைகளுக்கு வாங்குவதில் பாதியைக் காசுக்கும் பாதியைக் கொப்பிக்கும் வாங்கி, பாக்கியில் ஒரு சிறு தொகையையும் கொடுத்து வந்தால் அவரும் பொறுப்பார். கொப்பியில் எழுதும்போது பக்கத்தில் நின்று விலையையும் எழுதச் செய்யுங்கள். கொப்பியுடன் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்புவதை நிறுத்துங்கள்.

சடங்குகள். சாமத்திய வீடு, கலியாணம், அந்தியேட்டி ஆகியவற்றில் ஒன்றுக்கு எடுத்த கடன், வீட்டின் ஓராண்டுச் சிக்கனத்தை விழுங்குவதைக் காண்கிறோம். பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மண்டபம், வீடியோ, அலங்காரம் ஆகிய மூன்றையும் விட்டால் மீதமிருப்பது பெரும்பாலும் கைக்காசில் அடங்கும். மற்ற வீடுகளுக்குக் கொடுக்கும் மொய்க்கும், வைகாசியில் வரும் வற்றாப்பளைப் பொங்கல் போன்ற முன்கூட்டியே தெரிந்த நாட்களுக்கும் கிழமைக்கு ஒரு சிறு தொகையைத் தனியாக ஒதுக்குங்கள். அவை திடீர்ச் செலவுகள் அல்ல.

குறைக்கக் கூடாதவை. மருந்து, பிள்ளைகளின் முட்டையும் மீனும், பாடசாலைக்குப் போகும் பஸ் காசு. கூலி வேலைக்குப் போகும் ஒருவர் காலைச் சாப்பாட்டை விட்டு 150 ரூபா மிச்சம் பிடித்து, உடல் சோர்ந்து ஒரு நாள் கூலியை இழந்தால் அதைச் சிக்கனம் என்று எழுத எந்தக் கொப்பியிலும் இடமில்லை. கடலும் குளமும் அருகிலுள்ள ஊர்களில், விலை கூடிய பெரிய மீனுக்குப் பதிலாகக் குளத்து மீனையும் சிறு மீனையும் வாங்குவது போதுமான மாற்றம்.

6. மிச்சம் பிடித்ததை அன்றே நகர்த்துங்கள்

குறைத்த செலவு தானாகக் கடனுக்குப் போய்ச் சேராது. மீன் வாங்காத நாளின் காசு பையில் இருந்தால், மாலையில் பணிஸாகவும் சோடாவாகவும் மாறிவிடும். கூலி கிடைத்த அன்றே கிழமைத் தவணையின் பங்கை எடுத்து ஒரு பால்மாப் பேணியிலும், மேலதிகமாக மிஞ்சியதை இன்னொரு பேணியிலும் போடுங்கள்.

உதாரணமாக, 1,192 ரூபாத் தவணைக்கு, கிழமையில் நான்கு நாள் வேலை கிடைப்பவர் நாளொன்றுக்கு 298 ரூபா ஒதுக்கினால் சரியாக வரும். தவணை நாளின் காலையில் முழுத் தொகையையும் தேடி ஓடுவதுதான் கைமாற்றுக்கு முதற் காரணம். இரண்டாவது பேணியைக் கிழமைக்கொரு முறை சங்கக் கணக்கில் போட்டுவிடுங்கள், பேணி நிறையும் வரை காத்திருக்க வேண்டாம்.

7. மேலதிகக் காசு எந்தக் கடனுக்கு முதலில்?

எல்லாக் கடன்களுக்கும் உரிய தவணையைக் கட்டிக்கொண்டு, மேலதிகத்தை ஒரே கடனுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் ஒருவரும் நன்றி சொல்லமாட்டார், ஒரு கடனும் முடியாது.

முதலில், இழக்கக் கூடாதது எதாவது உடனடி ஆபத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்: ஏலத் திகதி நெருங்கிய அடகு, பறிக்கப்படக்கூடிய லீசிங் வாகனம். அந்த வாகனம் உழைத்துத் தருவதாக இருந்தால் அதன் நிலுவை முதலாவது. உழைக்காமல் வீட்டு வாசலில் நின்று பெற்றோல் குடிப்பதாக இருந்தால், ஒப்பந்தத்தில் மீதி எவ்வளவு என்று கேட்டு, விற்று முடிப்பதை ஆலோசியுங்கள்.

அத்தகைய ஆபத்து இல்லையென்றால் வட்டி கூடிய கடனே முதலாவது. நடைமுறையில் அது பெரும்பாலும் கைவட்டிதான். 20,000 ரூபாக் கைவட்டியில் 5,000 ரூபா முதலைக் குறைத்தால், அடுத்த மாதத்திலிருந்து 500 ரூபா வட்டி குறைகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கடைப் பாக்கியையோ சகோதரியின் கைமாற்றையோ முதலில் முடிக்கிறார்கள், ஏனெனில் அவர்களின் முகத்தில் நாள்தோறும் விழிக்க வேண்டியிருக்கிறது. சகோதரியிடம் நேரில் போய், "இன்ன மாதத்துக்குப் பிறகு தருகிறேன்" என்று சொல்லுங்கள். வட்டியில்லாக் கடனுக்கு அந்தப் பேச்சுத்தான் இப்போதைக்குக் கொடுக்க வேண்டியது.

கைவட்டிக்காரர் சிலர் முதலைப் பகுதியாக வாங்க மறுப்பார்கள். அப்படியானால் முழுத் தொகையும் சேரும் வரை சங்கத்தில் வைத்திருங்கள். பகுதியாக வாங்குபவராக இருந்தால், "முதல் தொகையில் கழிக்க 5,000 ரூபா" என்று திகதியோடு எழுதிக் கையொப்பம் பெறுங்கள். இல்லாவிட்டால் அது வட்டியாகிவிடும்.

கிழமைக் கடனை முன்கூட்டியே முடிக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வட்டி தொடக்கத்திலேயே சேர்க்கப்பட்ட கடனில், மீதித் தவணைகளை இன்று ஒரேயடியாகக் கட்டினாலும் வட்டி குறையாமல் போகலாம். எவ்வளவு வட்டி கழிப்பார்கள் என்பதை எழுத்தில் பெறாமல் கட்ட வேண்டாம். கழிவு இல்லையென்றால் அந்தக் கடனை அதன் தவணையிலேயே ஓடவிட்டு, காசை வேறு கடனுக்குத் திருப்புங்கள்.

8. போகக் காசை வருமுன்பே பங்கிடுங்கள்

மழைக்காலத்தில் விளையும் காலபோக நெல் தை, மாசி, பங்குனியில் காசாகிறது. அந்தக் காசு கையில் இருக்கும்போது எடுக்கும் முடிவுகள் நல்லவையாக இருப்பதில்லை. ஆகவே மார்கழியிலேயே கொப்பியில் எழுதிவிடுங்கள். என் வரிசை இது: வீட்டு அரிசிக்கான நெல்லும் அடுத்த விதைப்புக்கான விதைநெல்லும் காசாகும் முன்பே ஒதுங்கும். பின்னர் உழவு, உரம், அறுவடைக் கடன்கள். அடுத்து, அடுத்த போகத்துக்கான உழவுக் கூலி. அதன்பின் வேலை குறைந்த மாதங்களுக்கான கிழமைத் தவணைகள். மிஞ்சுவது வட்டி கூடிய கடனின் முதலுக்கு.

அடுத்த போகத்தின் உழவுக் கூலியை வட்டி கூடிய கடனுக்கு முன் வைப்பதைப் பலர் ஏற்பதில்லை. ஆனால் அதையும் கடனுக்குக் கொடுத்துவிட்டு நிற்பவர் புரட்டாதியில் மறுபடியும் கடனுக்குத்தான் உழுவார். இரணைமடுக் குளமோ முத்தையன்கட்டுக் குளமோ நிறையாத ஆண்டில், குளத்து நீரை நம்பிய சிறுபோகக் காணி குறைத்தே பங்கிடப்படும் என்பதால், சிறுபோக வருமானத்தைத் திட்டத்தில் எழுதாமல் விடுவதே பாதுகாப்பு. வெளிநாட்டு உறவினர் அனுப்பும் காசுக்கும் இதே விதி: வந்த பின்பே அது கணக்கு.

9. தவணை தாங்க முடியாதபோது

ஒளிந்துகொள்வது மிகக் கெட்ட வழி. குழுக்கடனில் நீங்கள் வராத கிழமையின் தவணை மற்றப் பெண்களின் தலையில் விழுகிறது. ஊருக்குள் கடனை விடப் பெரிய பகை உண்டாவது இதனால்தான். தவணை தவறுவதற்கு முன்பே, கொப்பியையும் கொண்டுபோய், கட்டக்கூடிய தொகையைச் சொல்லித் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டக் கேளுங்கள். மேலதிக வட்டி எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுத்தில் பெறுங்கள்.

பேச்சு முறிந்தால் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அது தீர்ப்புத் திணிக்கும் நீதிமன்றம் அல்ல. இரு தரப்பும் உடன்பட்டால் மட்டுமே தீர்வு. தவணை அட்டைகளும் பற்றுச்சீட்டுகளும் இல்லாமல் போனால் பேச எதுவும் இராது. வங்கி அல்லது அனுமதி பெற்ற நிதி நிறுவனம் பற்றிய முறைப்பாடாக இருந்தால் முதலில் அந்நிறுவனத்துக்கும், பதில் திருப்தியில்லையெனில் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கும் எழுதலாம்.

2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் வழங்கியது. அதுபோல் இன்னொன்று வரும் என்று தவணையை நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கு, அந்த நிவாரணம் எல்லாக் கடன்களுக்கும் கிடைக்கவில்லை என்பதையும், கைவட்டி அதில் அடங்கவேயில்லை என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

10. ஒரு கடன் முடியும் நாளில் செய்ய வேண்டியவை

கடைசித் தொகையைக் கொடுக்கும் முன், ஈடாகக் கொடுத்த எல்லாம் மேசையில் இருக்க வேண்டும்: கையொப்பமிட்ட வெற்றுத்தாள், காசோலை, காணிப் பேர்மிற், மோட்டார் சைக்கிள் புத்தகம். "பிறகு தருகிறேன்" என்றால் காசும் பிறகுதான். நிறுவனக் கடனாக இருந்தால் கடன் முடிந்ததற்கான கடிதத்தைக் கேளுங்கள். ஒவ்வொருவரின் கடன் விவரத்தையும் பதிந்து வைக்கும், கிரிப் எனப்படும் கொடுகடன் தகவல் பணியகத்தின் பதிவில் பழைய நிலுவை நீடித்தால், பின்னர் வங்கியில் விவசாயக் கடன் கேட்கும்போது அந்தக் கடிதமே துணை.

அடுத்த கிழமை அந்தத் தவணைப் பேணி வெறுமையாக இருக்கும், வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். தொலைக்காட்சி, புதிய போன் என்ற பேச்சு அந்தக் கிழமையிலேயே எழும். ஆகவே கடன் முடிவதற்கு முன்பே, விடுபடும் தொகையில் எவ்வளவு அடுத்த கடனுக்கு, எவ்வளவு வீட்டுக்கு என்று எழுதிவையுங்கள். 1,192 ரூபாவில் 1,000 ரூபா அடுத்த கடனின் பக்கத்துக்கும் 192 ரூபா பிள்ளைகளின் விருப்பத்துக்கும் என்று பிரித்த வீடுகள், முழுவதையும் கடனுக்கே திருப்பிய வீடுகளை விடக் கொப்பியை நீண்ட காலம் எழுதின.